டப்பா மூடியில் இருக்கும் நிறம்

விளாத்திகுளம்
9.6.2025

மாரிப்பிரியாவின் அப்பாவுக்கு,

சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அண்ணன் வீட்டு ஆட்டுக்குட்டியோடு விளையாடுகிறாள். நலம் விசாரிப்பு இதோடு போதும்.

உங்கள் நம்பரை பிளாக் செய்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் நீங்கள் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன், அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்கிறாள். நம் கையெழுத்தை வாசிக்க அவளுக்கு இன்னும் வரவில்லை. அதனால் எழுதுவோம். கோவில்பட்டி பஸ் கண்டக்டர் ராஜபாண்டி, சோலைச்சாமி அண்ணனுக்குத் தெரிந்தவர். அவரிடம் கொடுத்துவிட்டால் எனக்கு வந்துவிடும்.

இங்கே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய பள்ளிக்கூடத்து டி.சி. வந்தால்தான் பெயரைப் பதிவார்களாம். அங்கே கேட்டால் பிள்ளையின் அப்பா நேரில் வரவேண்டும் என்கிறார்கள். வாங்கி அனுப்புங்கள்.

ஒரு கல்யாண ஆல்பத்துக்காகவா வீட்டைவிட்டுப் போனாய் என்று ஊரெல்லாம் கேட்கிறீர்களாம். ஆமாம், அதற்காகத்தான். உங்கள் தங்கச்சி உமாராணி கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, "அம்மா, என் பாவாடையப் போட்டுருக்க இந்தப் பிள்ள யாரு?" என்று மாரிப்பிரியா கேட்டபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். சிரித்தீர்கள். "நாந்தான் ஸ்டுடியோல ஒன்னைய வெளுப்பாக்கச் சொன்னேன், எப்படி இருக்க பாத்தியா" என்று பெருமையாக வேறு சொன்னீர்கள். மறுநாள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து அவள் தன் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அப்போது நீங்கள் கடையில் இருந்தீர்கள். ரத்தம் கசிந்த கையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்கு நீங்கள் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த பொம்மைக்குக் கரிசல் மண்ணைக் குழைத்து முகமெல்லாம் பூசினாள். பிறகு குழாயடியில் வைத்துக் கழுவினாள். பொம்மை பழையபடி ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது.

"அம்மா, இதுக்குப் போயிருது. எனக்கு மட்டும் ஏம்மா போக மாட்டேங்குது?"

பதில் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் டி.சி.யை மட்டும் அனுப்புங்கள்.

சுதாராணி


கோவில்பட்டி
14.6.2025

சுதாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனேன். அந்தக் கம்பி நார் விஷயத்தை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

ஸ்டுடியோக்காரன் அவளை மட்டுமா வெளுப்பாக்கினான்? எல்லாரையும்தான். உன்னையும்தான். நீ ஏற்கெனவே சிவப்பு, அதனால் உனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் பிள்ளை நல்லாத் தெரியட்டும் என்று நினைத்தது கொலைக்குற்றமா? இதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது.

டி.சி. விஷயத்துக்கு வருகிறேன். அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் நீங்கள் ரெண்டு பேரும் திரும்ப மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? அனுப்ப மாட்டேன். கோபப்படு.

ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. ராத்திரி கடை அடைக்கும் முன்னால் உள்ளே இருக்கிற பொம்மைகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். பேன்ஸி ஸ்டோர் வைத்து இத்தனை வருஷத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை சுதா. எல்லாம் ரோஸ். கருப்பாக இருந்தது ஒரு கொரில்லா மட்டும்தான்.

சரி, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று மறுநாள் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு ஸ்பிரே பெயிண்ட் டப்பா வாங்கினேன். மூடி பிரவுன் நிறம். பெயிண்ட் அடிப்பது பெரிய வித்தையா, பட்டனை அமுக்கினால் வரப்போகிறது என்று பின்வாசலில் வைத்து அடிக்க ஆரம்பித்தேன். பின்பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்பது அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை. போர்மேன் முப்பிடாதி அண்ணாச்சி வேலியைத் தாண்டி ஓடி வந்தார்.

"ஏலே செல்வம், கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? மருந்து முக்குன குச்சி காயுத எடத்துல கேஸ் டப்பாவ வச்சு அடிக்கியே! ஒரு பொறி போதும்லே, நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்."

வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டு மொட்டை மாடிக்குப் போய் அடித்து முடித்தேன். வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று தகரத்தின் மேல் படுக்க வைத்தேன். இப்போது பேப்பரில் சுற்றி அனுப்புகிறேன். அவள் நிறம்தான், மாநிறம். கூடவே அவளுக்குப் பிடித்த கடம்பூர் போளியும் இருக்கிறது.

அவள் என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

முத்துசெல்வம்


விளாத்திகுளம்
17.6.2025

மாரிப்பிரியாவின் அப்பாவுக்கு,

என்ன சொன்னாள் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

பொம்மை காயவே இல்லை. சுற்றின பேப்பர் அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் பாதி எழுத்து வயிற்றிலேயே நின்றது. ஒரு கால் வளைந்து நொண்டி மாதிரி இருந்தது. போளியைத் திறந்தால் பெயிண்ட் வாடை. அண்ணன் சம்சாரம் வேலுத்தாய் மைனி அதைக் கோழிக்குப் போட்டாள், கோழியும் தின்னவில்லை.

அவளோ, அப்பா அனுப்பியது என்று தெரிந்தவுடன் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். இந்த மாதக் காற்று உங்களுக்குத் தெரியும். கரிசல் தூசி முழுக்க அதன் மேல் அப்பிக்கொண்டது. பெயிண்ட் அவள் கையில், சட்டையில், கழுத்தில். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க அவள் அழுதாள். எரிகிறது என்று அழுகிறாளோ என்று நினைத்தேன். "அதுக்கும் என் நெறம் வேண்டாமாம்மா, அதான் அதுல ஒட்ட மாட்டேங்குது" என்றாள்.

இன்னொன்று. அது அவள் நிறமும் இல்லை. காப்பியில் பாலை ஊற்றின மாதிரி அது உமாராணி நிறம். மாநிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் மாநிறம் என்பது கருப்புக்கு வைத்த மரியாதைப் பெயர். பெண் பார்க்க வந்தபோது உங்களையும் மாநிறம் என்றுதான் தரகர் சொன்னார். என் பிள்ளை கருப்பு. அந்தச் சொல்லை எழுதக்கூட உங்கள் பேனாவுக்கு வரவில்லை. கடையில் கொரில்லாவுக்கு மட்டும் வந்தது.

தயவுசெய்து டி.சி.யை அனுப்புங்கள். பொம்மை வேண்டாம்.

சுதாராணி


கோவில்பட்டி
29.6.2025

சுதா,

பத்து நாளாக நான் பேனாவைத் தொடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் ரெண்டு நாள் கோபம்தான். பிறகு வெட்கம்.

பொம்மை ஏன் காயவில்லை என்று விசாரித்தேன். பெயிண்ட் கடை கிருஷ்ணராஜ், "அண்ணாச்சி, அது அமுக்கினா அமுங்குத ரப்பர் மாதிரி பிளாஸ்டிக். அதுல இந்த பெயிண்ட் ஆயுசுக்கும் பிசுபிசுன்னுதான் இருக்கும். கெட்டி பிளாஸ்டிக்கா எடுங்க" என்றார். எடுத்தேன். அதுவும் உரிந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென்று இருக்கிற பிரைமர் என்கிற அடிப்பூச்சை முதலில் அடிக்க வேண்டுமாம். அடித்தேன். பெயிண்டைப் பக்கத்தில் வைத்து அடித்தால் வழிகிறது, தள்ளி வைத்தால் காற்று கொண்டுபோகிறது. ஒரே மூச்சில் அடிக்காமல், லேசாக அடித்துக் காயவிட்டு, மறுபடி லேசாக அடித்தால்தான் பிடிக்கிறது. வெயிலில் வைக்கவே கூடாது. பளபளப்பு பெயிண்ட் வாங்கினால் பொம்மைக்கு எப்போதும் வியர்த்த முகம். மினுங்காத பெயிண்ட்தான் தோல் மாதிரி இருக்கிறது. கடையில் ரெண்டு டஜன் பொம்மையை நாசமாக்கித் தெரிந்துகொண்டேன். மூக்கைக் கட்டாமல் அடித்து மூணு நாள் தலைவலி வேறு.

இதெல்லாம் எப்படியோ பிடிபட்டுவிட்டது. நிறம்தான் பிடிபடவில்லை.

டப்பா மூடியில் ஒரு நிறம் இருக்கும், உள்ளே வேறு நிறம் வரும். அதனால் முதலில் எதிலாவது அடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார் கிருஷ்ணராஜ். "எந்த நெறம் அண்ணாச்சி வேணும், சொல்லுங்க" என்றார். சரி, போட்டோவைக் காட்டுவோம் என்று போனை எடுத்தேன். சுதா, என் போனில் அவள் போட்டோ எத்தனையோ இருக்கிறது. பிறந்தநாள், பொங்கல், கழுகுமலைக்குப் போனது, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றில்கூட அவள் நிறம் இல்லை. போனே முகத்தை வெளுப்பாக்கி எடுக்கிற மாதிரி நான்தான் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறாள், ஒன்றில் ரோஸாக இருக்கிறாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாப்பா நல்ல செவப்பு போலயே" என்றார்.

தினமும் மடியில் வைத்துச் சோறு ஊட்டின பிள்ளை. அவள் என்ன நிறம் என்று நடுக்கடையில் நின்று யோசிக்கிறேன். என்னைப் போல ஒரு அப்பன் உண்டா?

அதனால் பொம்மை அனுப்பவில்லை. பிளாஸ்டிக் ஸ்பூன்களில் வேறு வேறு பிரவுன் அடித்து அனுப்பியிருக்கிறேன், நன்றாகக் காய்ந்தவை. அவள் கையோடு வைத்துப் பார்த்து, எது அவள் நிறம் என்று அவளையே எடுக்கச் சொல். அந்த நிறத்தில் செய்கிறேன். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

முத்துசெல்வம்


விளாத்திகுளம்
6.7.2025

முத்துசெல்வம் அவர்களுக்கு,

ஸ்பூன்களைப் பாயில் பரப்பி வைத்தேன். கறுப்புக்குப் பக்கத்திலிருந்து வெளுப்பு வரைக்கும் நீங்களே வரிசையாகக் கட்டி அனுப்பியிருந்தீர்கள். "அப்பா ஒனக்கு ஒரு பொம்மை செய்யுதாங்க. ஒன் நெறத்துல ஒரு ஸ்பூன் எடு" என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்தாள். அவள் நிறத்துக்கு அச்சாகப் பொருந்துகிற ஒன்று இருந்தது, எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு அதைத் தள்ளிவைத்துவிட்டு, பெயிண்டே அடிக்காமல் கட்டோடு சேர்ந்து வந்திருந்த ஒரு வெள்ளை ஸ்பூனை எடுத்தாள்.

"இதாம்மா நான். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி."

அவளுக்கு ஆறு வயது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்களைத் திட்டுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் நேற்று அண்ணன் மிளகாய்க் காட்டுக்குப் போயிருந்தோம். அவள் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "ஏட்டி, வெயில்ல ஓடாத, கறுத்துருவ!" அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். "இனிமே எங்கம்மா கறுக்க?" என்று கேட்டுவிட்டு மைனியின் சேலைக்குள் போய் ஒண்டிக்கொண்டாள். மைனி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டில் என்னை நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். உங்கள் அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

டி.சி.யைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்க அலுப்பாக இருக்கிறது.

சுதாராணி


கோவில்பட்டி
26.7.2025

சுதாவுக்கு,

இந்த உறைக்குள் டி.சி. இருக்கிறது. நேற்று பள்ளிக்கூடத்துக்குப் போய் வாங்கினேன். "ஏன் சார் மாத்துறீங்க, நல்லாப் படிக்கிற பிள்ளையாச்சே" என்று டீச்சர் கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். என்னிடமே அதை வைத்துக்கொண்டு உங்களைக் கட்டி இழுக்கலாம் என்று நினைத்தது தப்பு. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். கொடுத்துவிடு. 

அவள் அந்த வெள்ளை ஸ்பூனை எடுத்தாள் என்று வாசித்த பிறகு கடையைத் திறக்கவில்லை. மாடியில் போய் உட்கார்ந்தேன். மீதி ஸ்பூன்கள் கிடந்தன. சும்மா ஒவ்வொன்றாக என் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பொருந்தியது. கையையும் ஸ்பூனையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வேறு யார் நிறத்திலும் இல்லை, என் நிறத்தில் இருக்கிறாள். அச்சு அசல். இத்தனை நாள் நான் போனிலும் ஆல்பத்திலும் தேடிக்கொண்டிருந்தது என் தோளிலிருந்து தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. அந்த ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரனிடம் வெளுப்பாக்கச் சொன்னது அவளை மட்டுமில்லை. என்னையும் சொன்னேன். கருவாயன், அட்டக்கரி என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். அவளை ஒருவனும் அப்படிக் கூப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். கடைசியில் அவர்கள் எல்லாரையும்விட அவளை அதிகமாகக் கேவலப்படுத்தியது நான்தான். இதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை.

அவள் உருவத்தில் ஒரு பொம்மை செய்ய இப்போது எனக்குத் தைரியம் இல்லை. அதனால் என்னைச் செய்திருக்கிறேன். கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு ஆண் பொம்மை, ஏதோ சண்டைக்காரன். கவசத்தையெல்லாம் அரத்தால் ராவி எடுத்துவிட்டேன். கழுவி, தேய்த்து, பிரைமர் அடித்து, லேசு லேசாக நாலு தடவை அடித்து, நிழலிலேயே ஒரு வாரம் காயவிட்டேன். கண், மீசை, கடைக்குப் போடுகிற நீலச் சட்டை எல்லாம் தண்ணியில் கரையும் பெயிண்டில் பிரஷ்ஷால் போட்டேன். சண்டைக்காரன் உடம்பு என்பதால் தொந்தி இல்லை. அதை மட்டும் அவள் பொறுத்துக்கொள்ளட்டும். தொட்டுப் பார், ஒட்டாது.

நிறம் சரியாக வந்திருக்கிறது. இந்தத் தடவை டப்பா மூடியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்.

அவள் அதைத் தள்ளிவைத்தாலும் எனக்கு மறைக்காமல் எழுது.

முத்துசெல்வம்


விளாத்திகுளம்
30.7.2025

மாரிப்பிரியாவின் அப்பாவுக்கு,

டி.சி. கிடைத்தது. பொம்மையும் கிடைத்தது.

பிரித்தவுடன் "ஏய், அப்பா!" என்று கத்தினாள். யார் என்று நான் சொல்லவே இல்லை. மைனியிடம், ஆட்டுக்குட்டியிடம், பக்கத்து வீட்டு இசக்கியம்மாளிடம் எல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்துப் போர்வையைப் பாதி கொடுத்தாள். பெயிண்ட் ஒட்டவில்லை, உரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகைதான். காலையில் எழுந்து உங்களுக்குச் சந்தோஷமாக நாலு வரி எழுத வேண்டும் என்று படுத்தேன்.

காலையில் நான் எழுந்தபோது அவள் பீரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் பொம்மை. கையில் மைனியின் பவுடர் டப்பா. பொம்மையின் முகம் வெள்ளையாக இருந்தது. விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"அப்பா கடைக்குப் போணும்லாம்மா." கோபமில்லை, வருத்தமில்லை. பல் தேய்க்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "கழுத்துலயும் போடணும், இல்லன்னா தெரிஞ்சிரும். அப்பா சொல்லுவாங்க."

இத்தனை வருஷம் நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். தினமும் காலையில் நீங்கள் குளித்துவிட்டு வந்து, விபூதி பூசும் முன்னால் முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர் போடுவீர்கள். டப்பாவை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவள் வேலை. அது உங்களுக்கும் அவளுக்கும் ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஆல்பத்தோடு சண்டை போட்டேன். நீங்கள் பெயிண்டோடு சண்டை போட்டீர்கள். அவள் நடக்கப் பழகின நாளிலிருந்து தினமும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. மறைக்காமல் எழுது என்றீர்கள்.

டி.சி.யைத் திங்கட்கிழமை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கொடுக்கவில்லை. கொடுப்பேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியாது. நீங்கள் வந்தால் நாங்கள் கூடவே கிளம்பிவிடுவோம் என்று நினைக்க வேண்டாம், அப்படி நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பெயிண்ட், பொம்மை, போளி எதுவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் அவளைக் கூட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முகத்தில் பவுடர் போடாமல் வாருங்கள்.

சுதா